பொன்னேர் பூட்டிய மறுநாள் ஒரு கெடு

புதூர்ப் பக்கம் சித்திரை முதல் நாள், ஆண்டின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவது வழக்கம். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு அதையொட்டியே இன்னொரு முக்கியமான நாளும் வருகிறது. அது ஏப்ரல் 15.

அங்குள்ள ‘கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்’ அமைப்பின் தீர்மானம் ஒன்று உண்டு. அந்தத் தீர்மானத்தை ஏற்றுள்ள பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு இடம் தரும்போது, ஏப்ரல் 15-க்கு முன்பே பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. அவசரப்பட்டுச் சம்மதம் சொல்லியிருந்தாலும், அந்தத் தேதிவரை எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

இது தெரியாமல்தான் பிள்ளைகள் தவிக்கிறார்கள். “மார்ச் முதல் தேதிக்குள் பதில் வேண்டும்” என்று கடிதம் வந்தால் வீடே கலங்கிவிடும். நல்ல விலை வரட்டும் என்று மிளகாய் வத்தலை இருப்பு வைத்து நட்டப்பட்ட அப்பா, “கைக்கு வந்ததை விட்டுறாதப்பா” என்பார். அவர் பயம் நியாயமானது. ஆனாலும் முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் தீர்மானப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி, ஏப்ரல் 15 வரை அவகாசம் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அப்படிக் கேட்பது தப்பே இல்லை. உதவித்தொகை இல்லாத வெறும் அனுமதிக்கும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தத் தீர்மானம் பொருந்தாது.

கிடைத்த அவகாசத்தில் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். பணம் ஆண்டுக்கு 9 மாதமா, 12 மாதமா? எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? மருத்துவக் காப்பீட்டையும் இதர கட்டணங்களையும் யார் கட்டுவது? மாதத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் கோடை மூன்று மாதம் கை காய்ந்துவிடலாம்.

உள்நாட்டில் கணக்கு வேறு. யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்குத் தரப்படும் கடிதம் 3 ஆண்டுகள் செல்லும். ஆய்வில் சேர்ந்தால் முதலில் மாதம் 37,000 ரூபாய். அதே தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவரின் மதிப்பெண்ணோ ஓராண்டுக்குத்தான் செல்லும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து அந்த ஓராண்டைக் கோட்டைவிடக் கூடாது.

முடிவெடுத்துவிட்டால் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். வேண்டாத இடங்களுக்கு அன்றே மறுப்பு எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில், இதே போன்ற ஒரு வீட்டுப் பிள்ளை இருக்கக்கூடும்.