லசான்யா ஏன் சரிந்து விழுவதில்லை?

இத்தாலி நாட்டின் வடபகுதியில், போ ஆற்றுச் சமவெளியின் தெற்கு ஓரத்தில், பொலோன்யா என்னும் பழைய நகரம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. அந்த ஊர் வீடுகளில் விருந்து நாட்களில் செய்யும் பண்டங்களுள் ஒன்று லசான்யா. கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, தாள்போல் தேய்த்து, வேகவைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு மாவுத்தாள், ஒரு பூச்சு இறைச்சிக் குழம்பு, ஒரு பூச்சு வெண்ணிறப் பால் கூழ், அதன்மேல் துருவிய பாலாடைக்கட்டி என்று ஐந்தாறு முறை அடுக்கி, ஓவன் என்னும் சூட்டடுப்பில் வைத்து எடுப்பார்கள். கத்தியால் சதுரமாக வெட்டித் தட்டில் வைத்தால் அந்தத் துண்டு செங்கல்போல் நிமிர்ந்து நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால், பூகோளப் புத்தகத்தில் பாறை அடுக்குகளைக் காட்டும் படம்போல் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே தெரியும்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள். வெந்த மாவுத்தாள் துவண்டு விழும். குழம்பு ஓடும். பால் கூழும் அப்படியே. தனித்தனியே நிற்க முடியாத மூன்று பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நிற்கக்கூடிய ஒரு பொருள் எப்படிக் கிடைக்கிறது?

எல்லா லசான்யாவும் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முறை செய்தது தட்டில் குளம்போல் பரவியது. கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம். எங்கே தவறு என்று தேடிப் போனபோது, பொலோன்யாக்காரர் ஒருவரே 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்குப் பாதி விடையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. அவரிடம் போவதற்கு முன் நாம் மாவைப் பிசைந்துகொள்வோம்.

பொலோன்யாவின் கணக்கு எளிது: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் சேர்ப்பதில்லை. ஓடு நீக்கிய முட்டையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான், அதுவே போதும். நான்கு பேருக்கு 300 கிராம் மைதாவும் 3 முட்டைகளும் எடுத்துக்கொள்ளலாம். மாவைப் பலகைமேல் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசையவேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும்; உருண்டை சொரசொரப்பாக இருக்கும். விடாமல் பத்து நிமிடம் பிசைந்தால் வழவழப்பாகிவிடும். இப்போது விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழும், பிறகு தானாகவே மெல்ல மேலெழும். மாவுக்கு இந்த மீள்தன்மை எங்கிருந்து வந்தது?

இனி அந்தப் பொலோன்யாக்காரரைப் பார்ப்போம். அவர் பெயர் யாக்கோபோ பார்த்தோலோமெயோ பெக்காரி. மருத்துவர், பொலோன்யாவில் வேதியியல் பேராசிரியராகவும் இருந்தவர். அவர் கோதுமை மாவை நீரில் பிசைந்து, அந்த உருண்டையை மேலும் மேலும் நீர் விட்டுக் கழுவினார். வெண்மையான பொடி நீரோடு போயிற்று. கையில் மிஞ்சியது நீரில் கரையாத, ஒட்டுந்தன்மையுள்ள ஒரு பொருள். இதைப்பற்றி அவர் 1728ஆம் ஆண்டில் பொலோன்யாவின் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். 1745ஆம் ஆண்டில் அது அச்சில் வந்தது. நீரோடு போன பொடி மற்றத் தாவரப் பொருள்களைப்போல் நாளடைவில் புளித்தது. கையில் மிஞ்சியதோ இறைச்சியைப்போல் அழுகி நாறியது! இப்படிப்பட்ட பொருள் விலங்குகளின் உடலில் மட்டுமே உண்டு என்று அறிஞர்கள் எண்ணியிருந்த காலம் அது. ஒரு பிடி கோதுமை மாவு அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. அந்தப் பொருளின் பெயர் குளூட்டன். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்குப் பசை என்று பொருள்.

பெக்காரியின் சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். செலவு மிகக் குறைவு. 50 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத்து நீரில் அமிழ்த்தி மெதுவாகக் கசக்குங்கள். நீர் பால்போலாகும், அதைத் தனியே ஊற்றி வைத்துவிட்டுப் புது நீரில் தொடருங்கள். நீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவினால், மங்கிய மஞ்சள் நிறத்தில், மென்ற சூயிங்கம் போன்ற ஒரு கட்டி மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஊற்றி வைத்த வெண்ணிற நீரில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் அங்கே மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள். இதே சோதனையை அரிசி மாவிலும் செய்து பாருங்கள். எல்லாமே நீரோடு போய்விடும். கையில் எதுவும் மிஞ்சாது. அரிசியில் குளூட்டன் இல்லை. இடியாப்ப மாவைக் கொதிக்கும் நீர் விட்டுப் பிசைவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? அங்கே ஒட்டவைக்கும் வேலையைச் சூட்டில் வெந்த மாவுச்சத்து செய்கிறது.

குளூட்டன் ஒரே பொருள் அன்று. கோதுமையில் உள்ள குளூட்டெனின், கிளையாடின் என்ற இருவகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து உண்டாக்கும் வலை அது. குளூட்டெனின் மூலக்கூறுகள் நீண்டவை. அவற்றிலுள்ள கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால் சங்கிலிகள் பிணைந்து, மாவுக்கு மீள்தன்மை வருகிறது. கிளையாடின் சிறியது, உருண்டு திரண்டது. அது இடையிடையே புகுந்து, வலை அறுந்துபோகாமல் நீள உதவுகிறது. பிசைவது என்பது இந்த வலையைப் பின்னும் வேலையே.

பின்னி முடித்ததும் மாவை மூடி அரை மணி நேரம் ஓய்வெடுக்க விடவேண்டும். உடனே தேய்த்தால், இழுத்த ரப்பர்போல் மறுபடியும் சுருங்கிக்கொள்ளும். ஓய்வில் சில பிணைப்புகள் விலகி வேறிடத்தில் சேர, வலையின் இறுக்கம் தளர்கிறது. பொலோன்யாவில் மாவுத்தாள் தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் உண்டு. அவர்கள் கையிலுள்ள உருட்டுக்கட்டை நம் சப்பாத்திக் கட்டையைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருக்கும். பலகையையே மூடும் அளவுக்குப் பெரிய தாளை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் தேய்த்துவிடுவார்கள். நாம் சிறு சிறு உருண்டைகளாகத் தேய்த்துச் செவ்வகமாக வெட்டிக்கொண்டால் போதும்.

அந்த ஊர் மரபில் வேகவைத்து நறுக்கிய பசலைக்கீரையைச் சேர்த்துப் பச்சைத் தாளாகவும் செய்வார்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். கீரையை நன்றாகப் பிழியாமல் சேர்த்தேன். மிகுந்த நீரில் வலை தளர்ந்து, தாள் கொதிநீரில் கிழிந்தது. கீரையைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியவேண்டும்; கீரை சேர்க்கும்போது ஒரு முட்டையையும் குறைத்துவிடவேண்டும்.

தாள்களை உப்பிட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, துணிமேல் பரப்பவேண்டும். கொதிநீரில் முட்டைப் புரதமும் குளூட்டனும் உறைந்து கெட்டிப்படுகின்றன. அந்த வலைக்குள் சிக்கியிருக்கும் மாவுச்சத்து மணிகள் சுமார் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. வலை உறுதியாக இருந்தால் மணிகள் வெளியே சிதறா. நம் அடுக்குமாளிகையின் தளங்கள் தயார்.

அடுத்தது குழம்பு. இதற்கு ராகூ என்று பெயர். இத்தாலியச் சமையற்கலைக் கழகம் இதன் செய்முறையை 1982 அக்டோபர் 17 அன்று பொலோன்யா வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவே செய்தது. 2023ஆம் ஆண்டில் திருத்தியும் எழுதியது. சமையல் குறிப்புக்கு இவ்வளவு ஆரவாரமா என்று சிரிக்கத் தோன்றுகிறது. முதற்பதிவின்படி 300 கிராம் மாட்டிறைச்சியும் 150 கிராம் பன்றிக் கொழுப்பிறைச்சியும் பொடியாக நறுக்கி, வெங்காயம், காரட், செலரித் தண்டு ஆகியவற்றோடு வதக்கி, சிறிது ஒயினும் பாலும் ஐந்து கரண்டி தக்காளிச் சாறும் சேர்த்து, இரண்டு மணி நேரம் சிறு தீயில் காய்ச்சவேண்டும். தக்காளி இவ்வளவுதானா? இவ்வளவுதான். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சமையல் சுவடியில் காணப்படும் லசான்யாவில் தக்காளியே கிடையாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அது ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான்.

இரண்டு மணி நேரம் எதற்கு? இறைச்சியின் இணைப்புத் திசுவில் கொலாஜன் என்ற முறுக்கு நார் உள்ளது. நீண்ட நேரச் சூட்டில் அதன் முறுக்குப் பிரிந்து ஜெலட்டினாக மாறி, குழம்பைத் தடிமனாக்குகிறது. கூடவே நீரும் வற்றுகிறது. இறைச்சி உண்ணாதவர்கள் காளானைப் பொடியாக நறுக்கிச் செய்யலாம். அதில் ஜெலட்டின் கிடைக்காது. ஆகவே நீரை இன்னும் நன்றாக வற்றவிட வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் கோடு கிழித்தால், கோடு உடனே மூடிக்கொள்ளக்கூடாது.

இனி வெண்ணிறப் பால் கூழ். என் பார்வையில் லசான்யாவின் உண்மையான சிமெண்டு இதுதான். 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 50 கிராம் மைதாவை அதில் நிறம் மாறாமல் வறுத்து, அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவேண்டும். மாவை ஏன் நேரே சூடான பாலில் கொட்டக்கூடாது? கொட்டினால் ஒவ்வொரு மாவுத் துகட்கட்டியின் வெளிப்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் அடைத்துவிடும். உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு இருக்கும். வெண்ணெயில் முதலில் வறுத்தால் ஒவ்வொரு துகளும் கொழுப்புப் பூசிக்கொண்டு தனித்தனியே பிரிந்து நிற்கிறது. பச்சை மாவு வாடையும் போகிறது. பால் சூடேறும்போது மாவுச்சத்து மணிகள் பலமடங்கு பருத்து, ஒன்றையொன்று நெருக்கித்தள்ளுகின்றன. நெரிசல் மிகுந்த பேருந்தில் யாரும் நகர முடியாததுபோல் நீரும் எளிதில் நகர முடிவதில்லை. கொதி வரும்வரை கிளறினால்தான் இது முழுமையாகும். பாதியில் இறக்கினால் கூழ் நீர்த்தே இருக்கும்.

தட்டின் அடியில் கொஞ்சம் கூழ், அதன்மேல் தாள், குழம்பு, கூழ், பாலாடைக்கட்டி என்று அடுக்குங்கள். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பூச்சின்மேல் தாள் வழுக்கிக்கொண்டு நகரும். மெல்லிய பூச்சோ இரு தாள்களையும் பற்றிக்கொள்ளும். பொலோன்யாவில் போடுவது பார்மிஜானோ என்ற கெட்டியான பாலாடைக்கட்டி. குறைந்தது 12 மாதம் பதப்படுத்திய அதில் நீர் குறைவு. ஆகவே அடுக்குக்குள் நீர் விடாது. கம்பிபோல் இழுபடும் பச்சைப் பாலாடைக்கட்டி தென் இத்தாலிய வழக்கம். அதைப் போட்டால் முதலில் நீரை வடித்துவிடுங்கள்.

ஓவனில் 180 டிகிரி செல்சியசில் சுமார் அரை மணி நேரம். ஓவன் 180 டிகிரியில் இருந்தாலும் லசான்யாவின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அங்கே நீர் இருக்கும்வரை வெப்பம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மேற்பரப்பு மட்டும் உலர்ந்து, 140 டிகிரிக்கு மேல் சூடேறி, பொன்னிறமாகும். பாலாடைக்கட்டியின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் இந்த வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி மையார் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்த மணத்துக்கும் அதுவே காரணம்.

வெளியே எடுத்தவுடன் எல்லாரும் கத்தியைத் தூக்குவார்கள். தடுத்துவிடுங்கள்! கொதிக்கும் சூட்டில் பால் கூழ் இன்னும் இளகியே இருக்கும். பதினைந்து நிமிடம் பொறுத்தால், பருத்த மணிகளிலிருந்து வெளிவந்த அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் சூடு தணியத் தணிய அருகருகே வந்து ஒட்டிக்கொண்டு, நீரைச் சிறைப்பிடிக்கின்றன. தாள்களும் மேலே கசிந்த நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. வெட்டினால் துண்டு நிற்கும்.

மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். சுமார் 35 டிகிரிக்கு மேல் உருகிக் கிடந்த ஜெலட்டினும் இப்போது உறைந்து அமைலோசோடு சேர்ந்திருக்கும். துண்டைப் பக்கவாட்டில் நிறுத்தினாலும் விழாது. சூடாக்கும்போது இரண்டு கரண்டி பால் தெளித்து மூடி வைத்தால் மறுபடியும் மெத்தென்றாகிவிடும்.