கூரையில் வந்து விழும் கங்குகள்

கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரை 2018 நவம்பர் 8 அன்று காட்டுத்தீ சூறையாடியது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆனால் அந்த ஊரின் படங்களில் ஒரு விநோதம். வீடு இருந்த இடத்தில் சாம்பல். பக்கத்திலேயே பச்சை மாறாமல் பைன் மரம். காடு எரிந்து வந்துதான் வீட்டைப் பிடித்தது என்றால், நடுவில் நின்ற மரம் எப்படித் தப்பியது?

கங்குகள்தான் காரணம். பெருந்தீயின் அனலோடு மேலெழும் பட்டைத் துண்டுகளும் சுள்ளிகளும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பறந்துபோய் விழும். பச்சை மரத்தில் விழுந்தவை அவிந்துவிடும். கூரை விளிம்பில் மழைநீர் வடியும் தகரக் கால்வாயில் சருகு சேர்ந்திருந்தால், அங்கே விழுந்த ஒன்றே போதும். பரணின் காற்றுத் துவாரம் வழியே நுழைந்துவிட்டாலோ, வீடு உள்ளிருந்தே எரியும்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1990-களின் பிற்பகுதியில் கனடாவில் காட்டை வேண்டுமென்றே எரியவிட்டு, எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின. 20 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. மர உச்சிகளில் பாயும் தழல் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. சுவர் பற்றும் அளவுக்குச் சூடேற அது போதவில்லை.

எனவே வேலை காட்டில் இல்லை, வாசலில்தான். கலிஃபோர்னியச் சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடிவரை செடிகொடிகளை ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. அதில் முதல் 5 அடிதான் உயிர்நிலை. அங்கே விறகு, சருகு, காய்ந்த புல், அழகுக்குத் தூவும் மரச்சீவல், ஏன், தேங்காய் நார் மிதியடிகூட வேண்டாம், சரளைக்கல் போதும். துவாரங்களுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை வேண்டும். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். சுவரைத் தொட்டு நிற்கும் மரவேலி தீக்குத் திரி.

ஒரு சங்கடம் உண்டு. காட்டின் தழல் கடந்து போய்விடும். பக்கத்து வீடு மணிக்கணக்கில் எரியும். வீடுகள் நெருங்கிய தெருவில் ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. மானியமோ அபராதமோ, வீடு வீடாக அல்ல, தெரு முழுமைக்கும் இருக்க வேண்டும் என்பேன்.

இதெல்லாம் தீ வருமுன் செய்ய வேண்டியவை. வெளியேறச் சொன்ன பிறகு தண்ணீர்க் குழாயோடு கூரையில் நிற்பது வீரமல்ல. பாரடைஸில் சாலைகள் அடைபட்டு, பலர் வண்டிக்குள்ளேயே சிக்கினார்கள். உங்கள் பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் குடியிருந்தால், அடுத்த முறை பேசும்போது கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள்.