ஹார்டு டிஸ்க்கில் பிளாட்டினம்! முடியில் 20 ஆயிரத்தில் ஒரு பங்கு காந்தம் செய்வது எப்படி?

கல்யாண போட்டோ, சி.சி.டி.வி. பதிவு, பேங்க் கணக்கு... பெரும்பாலும் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஏதாவது ஒரு ஹார்டு டிஸ்க்தான். உள்ளே இருப்பது சுழலும் தட்டு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள். அவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதை வைத்துத்தான் 1, 0 என்ற கணக்கு.

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. பெரிய பீரோ கணக்கில் இடத்தை அடைத்தது. அதில் பதிந்தது வெறும் 50 லட்சம் எழுத்துகள்!

துகளைச் சின்னதாக்கினால் அதே இடத்தில் நிறைய பதியலாம். ஆனால் ரொம்பச் சின்னதானால் சாதாரண அறைச் சூட்டுக்கே காந்தம் தானாகத் திரும்பிவிடும். பதிந்தது அத்தனையும் காலி!

விஷ திரவம்

இதற்கு வழி தேடியவர்கள், அமெரிக்காவில் அதே ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஷௌஹெங் சன், கிறிஸ்டோபர் முர்ரே குழுவினர். 2000-ம் ஆண்டு மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் தங்கள் செய்முறையை வெளியிட்டனர்.

பிளாட்டினம் உப்பு, கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்த இரும்புத் திரவம் இரண்டையும் குடுவையில் போட்டு, காற்று படாமல் 300 டிகிரியை நெருங்கும் சூட்டில் காய்ச்சினர். இந்த இரும்புத் திரவம் கடும் விஷம். சுவாசித்தால் ஆபத்து.

கூடவே சேர்த்தது ஒலியிக் அமிலம். நம்ம வீட்டுக் கடலை எண்ணெயில் இருக்கும் அதே சமாச்சாரம்தான். இது துகளின் மேல் தோல் போல ஒட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். கிடைத்த துகளின் அகலம் சுமார் 4 நானோமீட்டர். தலைமுடி கனத்தில் ஏறத்தாழ 20 ஆயிரத்தில் ஒரு பங்கு! திரவத்தைத் தட்டில் விட்டுக் காயவைத்தால், நெல்லிக்காயை அடுக்கி வைத்த மாதிரி தானாகவே வரிசை கட்டின.

வந்தது சிக்கல்

இந்தத் துகள்களில் காந்த பலம் இல்லை. இரும்பும் பிளாட்டினமும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. 500 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் இரண்டும் மாறி மாறி அடுக்காக அமரும், காந்தமும் அசையாமல் நிற்கும். ஆனால் அந்தச் சூட்டில் மேல் தோல் கருகி, துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டின. கஷ்டப்பட்டுச் சின்னதாக்கியதே வீண்!

கடைசியில் டிஸ்க் கம்பெனிகள் குடுவையைத் தொடவில்லை. உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. காற்றில்லாத பெட்டிக்குள் இரும்பு, பிளாட்டினம் அணுக்களைத் தெறிக்கவைத்து, சூடான கண்ணாடித் தட்டில் படியவைக்கிறார்கள்.

இதிலும் ஒரு வில்லங்கம். இந்தக் காந்தம் அவ்வளவு பிடிவாதம், எழுதும் முனை சொன்னாலும் திரும்பாது. அதனால் குட்டி லேசரால் அந்தப் புள்ளியை மட்டும் 400 டிகிரிக்கு மேல் சுட்டு, இளகிய நொடியில் எழுதி ஆறவிடுகிறார்கள். சீகேட் கம்பெனி 2024 ஜனவரியில் அறிவித்த 30 டெராபைட் டிஸ்க் இந்த ரகம். 10 தட்டு, தட்டுக்கு 3 டெராபைட்.