சிட்டத்தில் தோய்த்த நூலும் கைப்பின்னல் பரிசுப் பொருள்களும்

பாவு ஓடி முடிந்தபின் எஞ்சும் நூல் நெசவாளர் வீடு ஒவ்வொன்றிலும் உண்டு. கால் சிட்டமும் அரைச் சிட்டமுமாக நிற்கும் அந்நூல் சேலைக்கோ வேட்டிக்கோ போதாது. அதனைக் கையால் சாயமிட்டு, பின்னலூசி கொண்டு பின்னினால் குழந்தைத் தொப்பி, கைப்பை, பாத்திரம் பிடிக்கும் துணி முதலிய பரிசுப் பொருள்களாக ஆக்கலாம் என்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். ஆயினும், இரு வண்ணத்தில் தோய்த்த நூலால் பின்னிய ஒரு தொப்பியில் நேர்த்தியான கோடுகள் அமைவதும், அதே நூலால் பின்னிய மற்றொன்றில் திட்டுத் திட்டாக வண்ணம் சிதறுவதும் எதனால் என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். அக்கணக்கையும், சாயத் தொட்டியில் மிஞ்சும் நீரைப் பற்றிய ஒரு முக்கியமான செய்தியையும் இங்கே கூற விரும்புகிறோம்.

சிட்டத்தின் அளவு

பருத்தி நூற்சிட்டம் 54 அங்குலச் சுற்றளவில் சுற்றப்படுவது. அவ்வாறு 80 சுற்றுச் சுற்றினால் 120 கஜம். அவ்விதமான 7 பிரிவுகள் சேர்ந்து 840 கஜம் கொண்ட ஒரு சிட்டம் ஆகிறது. ஒரு ராத்தலில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டங்கள் நிற்கின்றனவோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 20ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலுக்கு 16,800 கஜம் ஓடும்.

இவ்வளவு மெல்லிய நூல் கைப்பின்னலுக்கு உதவாது. 12 இழைகளைச் சேர்த்து முறுக்கினால் ராத்தலுக்கு 1,400 கஜம் ஓடும் பின்னல் நூல் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலில் இழைகளைச் சேர்த்து முறுக்கி, மீண்டும் 54 அங்குலச் சிட்டமாகச் சுற்றிய பிறகே சாயமிட வேண்டும். தனித்தனியே இரு வண்ணம் தோய்த்த இழைகளைப் பின்னர் சேர்த்தால், ஓர் இழையின் நீலம் மற்றோர் இழையின் வெள்ளையோடு கலந்து, எவ்வித அமைப்பும் தோன்றாமற் போகும்.

வண்ணம் விழும் விதம்

சிட்டத்தின் ஒரு பாதியை நீலத்தில் தோய்த்து மறுபாதியை வெள்ளையாக விட்டோம் எனக் கொள்வோம். நூலைப் பிரித்து நீட்டினால் 27 அங்குலம் நீலம், 27 அங்குலம் வெள்ளை என மாறி மாறி வரும். 54 அங்குலத்துக்கு ஒருமுறை வண்ணம் தொடக்கத்துக்குத் திரும்பும்.

இதன் பயனை நெசவாளர் உடனே உணர்வர். இந்நூலைத் தாரில் சுற்றி 27 அங்குல அகலத்தில் ஊடையாக ஓட்டினால், ஓர் ஊடை நீலமாகவும் அடுத்தது வெள்ளையாகவும் விழும். அகலம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் வண்ணங்கள் ஊடைக்கு ஊடை விலகிக்கொண்டே செல்லும். பின்னலிலும் இதே விதிதான். ஆனால் பின்னலில் நூல் வளைந்து கண்ணியாகச் செல்வதால், துணியின் அகலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் ஒரு வரிசைக்குச் செலவாகும்.

சரியான அளவை அறிய, நாற்பது கண்ணி அகலத்தில் சிறு மாதிரி ஒன்று பின்னி, நடுவில் 20 கண்ணிகளுக்கு இருபுறமும் நூலில் அடையாளமிட்டு, அவ்வரிசையைப் பிரித்து அளக்க வேண்டும். 20 கண்ணிகளுக்கு 12 அங்குல நூல் செலவாயிற்று என்றால், 54 அங்குலத்துக்கு 90 கண்ணிகள். அங்குலத்துக்கு 5 கண்ணி வீதம் விழும் பின்னலில் இது 18 அங்குலச் சுற்றளவாகும். ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவும் இதுவே.

90 கண்ணிகளுடன் வட்டமாகப் பின்னிச் சென்றால், ஒவ்வொரு சுற்றிலும் நீலம் நீலத்தின் மேலேயே அமர்ந்து, தொப்பியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் நிற்கும். 88 கண்ணிகளாக்கினால் சுற்றுக்கு இரண்டு கண்ணி வீதம் வண்ணம் நகர்ந்து, சாய்ந்த பட்டைகள் தொப்பியைச் சுற்றி ஏறும். 45 கண்ணிகளுடன் முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்னினால், வரிசைக்கு வரிசை வண்ணம் மாறி மெல்லிய கோடுகள் கிடைக்கும். உச்சியில் கண்ணிகளைக் குறைக்கும்போது கணக்கு மாறி வண்ணங்கள் சுழலும். அது வேண்டாதவர்கள் உச்சியை ஒரே நிற நூலால் முடிக்கலாம். பின்னுகிறவரின் கை இறுக்கமும் தளர்வும் இக்கணக்கை மாற்றும். ஆதலால் ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடித்தல் கூடாது.

நூற் செலவும் இதிலிருந்தே தெரிகிறது. சுற்றுக்கு ஒன்றரைக் கஜம் வீதம் 42 சுற்றுக்கு 63 கஜம். உச்சியையும் சேர்த்துச் சுமார் 75 கஜம். ஒரு ராத்தல் நூலில் 18 தொப்பிகள் பின்னலாம்.

சாயமிடும் முறை

பச்சை நூலில் இயற்கையான மெழுகு உண்டு. சலவைச் சோடாவும் சோப்பும் கலந்த நீரில் நன்கு கொதிக்க வைத்து அலசாவிட்டால் சாயம் சமமாகப் பற்றாது. சிட்டத்தைப் பல இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுகக் கட்டிய இடத்தில் சாயம் நுழையாது. நனைத்துப் பிழிந்த சிட்டத்தைக் கோலில் தொங்கவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் சாயத்தில் அமிழ்த்தினால், எல்லையில் வண்ணம் மெல்ல மேலேறி இளநிறமாக முடியும். ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தொட்டியில் தோய்க்க வேண்டும். இரு தொட்டி நூல்கள் சேர நேர்ந்தால், இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு சுற்றாக மாற்றிப் பின்னின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

உப்பும் வயலும்

பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். நீரில் பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணிக்கவே உப்புச் சேர்க்கிறோம். பின்னர் சேர்க்கும் சலவைச் சோடா, சாயத்தை நூலோடு பிணைக்கிறது. நூல் உப்பை ஏற்பதில்லை. ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கணக்கிட்டால், ஒரு கிலோ நூலைச் சாயமிட்டபின் ஒரு கிலோ உப்பு அப்படியே கழிவு நீரில் வெளியேறுகிறது. பிணையாத சாயமும் அதனுடன் செல்கிறது.

இது எங்கே சென்று முடியும் என்பதற்கு நொய்யல் ஆறே சான்று. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. உழவர்க்கு உதவ எழுந்த அணையின் நீரை உழவரே வேண்டாமென்று மறுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறைகளை மூடியதால் தொழிலாளரும், நீர் கெட்டதால் உழவரும் துன்புற்றனர்.

வீட்டுத் தொட்டி சிறியதுதான். ஆனால் ஒரு தெருவில் முப்பது தொட்டிகள் இருப்பின் அவ்வளவும் ஒரே வாய்க்காலில் சேரும். நூல் அமிழும் அளவுக்குப் பொருத்தமான பாத்திரத்தைக் கொண்டு நீரை 10 லிட்டராகக் குறைத்தால் உப்பும் பாதியாகிறது. கழிவு நீரைக் கிணற்றோரத்திலோ வயலிலோ ஊற்றலாகாது. சங்கமே பொதுத் தொட்டி ஒன்றும் உரிய சுத்திகரிப்பும் அமைத்தல் சிறந்தது.

உப்பு வேண்டாத சாயமும் நம்மிடம் உண்டு. அதுவே அவுரி. திண்டிவனம் பக்கத்து நிலங்களில் விளைந்துவரும் அவுரி, பயறு வகைச் செடியாதலால் மண்ணை வளப்படுத்தும். சாயம் இறக்கிய தழையும் எருவாகும். அவுரித் தொட்டியிலிருந்து பச்சை கலந்த மஞ்சளாக வெளிவரும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகிறது. மீண்டும் மீண்டும் தோய்க்க நிறம் ஆழமாகும். ஒரே சிட்டத்தில் மூன்று நான்கு நீலங்களைப் படிப்படியாக அமைக்க இதைவிட எளிய வழியில்லை. மஞ்சளை மட்டும் நம்பலாகாது. வெயிலில் வெளுக்கும்; சோப்புப் பட்டால் சிவக்கும்.

பரிசளிக்கு முன்

குழந்தை தொப்பியின் நாடாவை வாயில் வைக்கும். ஆகவே பெயர் தெரியாத பொட்டலச் சாயத்தை வாங்கலாகாது. தீங்கான பொருள்களாகச் சிதையக்கூடிய அஸோ சாயங்கள் பலவற்றை இந்திய அரசு 1997ஆம் ஆண்டில் தடைசெய்திருக்கிறது. சாயமிட்ட நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து, நீர் தெளியும்வரை அலச வேண்டும். பின்னர் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அந்நூல் குழந்தைப் பொருளுக்கு ஆகாது. கம்பளியைப் போலப் பருத்தி இழுபட்டுச் சுருங்காது; ஆதலால் தொப்பியின் விளிம்பை நெருக்கமாகப் பின்னுதல் நலம்.

ஒவ்வொரு தொட்டிக்கும் நூலின் எடை, நம்பர், சாயம், உப்பு, கண்ணிக் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒரு முழ நூலையும் அப்பக்கத்தில் ஒட்டி வைக்குமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். வாங்கியவர் அதே தொப்பியை மீண்டும் கேட்கும்போது அப்பக்கமே வழிகாட்டும்.