பந்து கெடுப்பதில்லை, எண்ணெய்தான் கெடுக்கிறது

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில், ராபர்ட்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் கிரிக்கெட் பேட் செய்யும் கிரே-நிக்கல்ஸ் நிறுவனம் 1974-ல் ‘ஸ்கூப்’ என்றொரு பேட்டைக் கொண்டுவந்தது. பின்புறத்து மரத்தைக் குடைந்தெடுத்திருந்தார்கள். அந்தக் குழிவைப் பார்த்தாலே பேட்டின் பெயரைச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்துப் பெரும்பாலான பேட்களுக்கு இப்படியோர் அங்க அடையாளம் கிடையாது. யார் செய்தது, எந்த ரகம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதற்கெல்லாம் ஸ்டிக்கர்தான் சாட்சி. அது உரிந்துபோன பிறகு நகல் அச்சடித்து ஒட்டினால் பேட் அழகாகும், சாட்சி திரும்பாது.

அதற்காகப் பழைய பேட்டை ஆடாமலே வைத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கர் பெரும்பாலும் இருப்பது முகத்தின் மேற்பகுதியிலும் பின்புறத்திலும்தான். பந்தை நன்றாக அடிக்கும் இடம் அதற்கு வெகு கீழே. ஆட்டத்தைவிட, அக்கறையோடு நாம் செய்யும் பராமரிப்பே ஸ்டிக்கரை அதிகம் அழிக்கிறது.

முதல் குற்றவாளி ஆளி விதை எண்ணெய். வில்லோ மரம் காய்ந்து வெடிக்காமலிருக்க அதைத் தடவுகிறோம். ஸ்டிக்கரில் மேலே மை, நடுவே காகிதமோ பிளாஸ்டிக் படலமோ, அடியில் பசை. பசை என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். ஓரத்தின் வழியாக எண்ணெய் நுழைந்து அந்தச் சங்கிலிகளுக்கிடையே புகுந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். ஸ்டிக்கர் நகரும், சுருளும். அத்தோடு முடிவதில்லை. இந்த எண்ணெயிலுள்ள லினோலெனிக் அமிலம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சள் படலமாக இறுகிவிடும். அதைக் கரைக்கும் திரவம் பெரும்பாலும் மையையும் கரைத்துவிடும். ஆகவே எண்ணெயைத் துணியில் தொட்டு, ஸ்டிக்கரிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளியே தடவுங்கள். பேட்டைக் கிடத்தி உலரவிடுங்கள். நிறுத்தி வைத்தால் எண்ணெய் வழிந்து ஸ்டிக்கருக்குள் போகலாம்.

ஈரமும் வேலையைக் காட்டும். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. மேலே ஒட்டியிருக்கும் படலமோ மரத்தோடு சேர்ந்து விரிவதில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்த இழுபறி நடக்க, ஓரங்கள்தான் முதலில் எழும்பும். பி.வி.சி. ஸ்டிக்கருக்கு இன்னொரு நோயும் உண்டு: அதை மெத்தென்று வைத்திருக்கும் சேர்மம் ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேற, படலம் சுருங்கி விறைக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கி இதை விரைவுபடுத்தும்.

எழும்பிய ஓரத்தில் சூப்பர் க்ளூ வைக்கவே கூடாது. அது கண்ணாடிபோல் இறுகி, சுற்றிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். பிறகு எளிதில் எடுக்கவும் முடியாது. காகித ஸ்டிக்கருக்குக் கோதுமை மாவுச்சத்துப் பசையைச் சிறிதளவு தொட்டு ஒட்டலாம். ஆவணக் காப்பாளர்கள் அதை விரும்புவதற்குக் காரணம், தேவைப்பட்டால் ஈரப்படுத்தியே பிரித்துவிடலாம் என்பதுதான். பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு உள்ளங்கைச் சூடே பல சமயம் போதும். பழைய பசை சற்று இளகி மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

பேட்டின் முகத்தில் ஒட்டும் ஒளிபுகும் பாதுகாப்புத் தாளைப் பற்றி எச்சரிக்கை தேவை. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் விதி 5 அப்படிப்பட்ட உறையை 1 மி.மீ. தடிமன் வரை அனுமதிக்கிறது. ஆனால் அதன் புதுப் பசை, ஸ்டிக்கரின் கிழட்டுப் பசையைவிட வலுவானது. என்றாவது உரித்தால் மையெல்லாம் அதோடு வந்துவிடும். தாளை ஸ்டிக்கருக்குக் கீழே நிறுத்திவிடுவது நல்லது. மூடியே ஆகவேண்டுமென்றால், ஸ்டிக்கரைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய பாலியஸ்டர் படலத்தை இடையில் வையுங்கள். தாள் சுற்றிலுமுள்ள மரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஸ்டிக்கரைத் தொடாது.

துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். பெட்ரோலும் ஸ்பிரிட்டும் வேண்டாம். அடித்து மென்மையான பழைய பந்தில் ஆடுங்கள். முதல் நாள் ஆடுவதற்கு முன் ஸ்டிக்கரை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மை ஏற்கெனவே செதிலாக உதிரத் தொடங்கிய பேட்டை மட்டும் ஆட எடுக்காதீர்கள்.