ஓடும் காரில் எழும் ஓசைகளைக் கண்டறிதல்

ஓடும் காரில் புதிதாகக் கேட்கத் தொடங்கும் ஓசை, பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் தேய்ந்தோ தளர்ந்தோ இருப்பதன் முதல் அறிகுறியாகும். வீல் பேரிங், சி.வி. ஜாயின்ட், சஸ்பென்ஷன் புஷ் போன்ற பாகங்களுக்கு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. அவை கெடுவதை ஓட்டுநரின் காதும், ஸ்டேரிங்கைப் பிடித்திருக்கும் கையும்தான் முதலில் அறிகின்றன. ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்போது கூடுகிறது, எப்போது நிற்கிறது என்பதே காரணத்தைக் காட்டும். எந்த ஓசையோடு வீடு வரை ஓட்டலாம், எதற்கு உடனே ஓரங்கட்ட வேண்டும் என்ற முடிவும் இதைப் பொறுத்ததே.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களை இணைக்கும் பாதை இந்தச் சோதனைக்கு ஏற்றது. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம், சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் பெரிதும் சமதளமாகவே செல்கிறது. முன்பு எண் 46 ஆக இருந்த இந்தச் சாலை இப்போது எண் 48. நகரங்களுக்குள் திரும்பினால் வேகத்தடைகள். வாணியம்பாடியைத் தாண்டிப் பொன்னேரி வழியாக ஏறினால் ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீரான வேகம், குலுக்கல், முழு வளைப்பு என்ற மூன்று நிலைகளும் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

ஓசையைச் சொல்லுதல்

பட்டறையில் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி "என்ன மாதிரி சத்தம்?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்வதில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. இரட்டைக் கிளவிகளும் ஒலிக்குறிப்புச் சொற்களும் பாதி நோயறிதலைச் செய்துவிடுகின்றன. 'லொடலொட' என்றால் ஏதோ தளர்ந்து ஆடுகிறது. 'கரகர' என்றால் இரு கடினப் பரப்புகள் உராய்கின்றன. 'கிரீச்' என்பது பெல்ட் வழுக்குவதையோ பிரேக் பேட் தேய்ந்ததையோ குறிக்கும். 'டக் டக்' என்பது சுற்றுக்கு ஒருமுறை நிகழும் மோதல். விமானம் தூரத்தில் பறப்பதுபோன்ற 'ஊம்' என்ற முழக்கம் டயரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வருவது. 'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வருபவர்தான் தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் கொடுக்கிறார்.

ஆனால் ஓசை வரும் திசையை நம்பக் கூடாது. காரின் உடல் ஒரே உலோகக் கூடு என்பதால் முன்சக்கரத்தின் முழக்கம் பின்இருக்கையில் தெளிவாகக் கேட்கலாம். இடது பேரிங் கெட்டிருக்க வலது பேரிங்கை மாற்றிவிட்டு, மறுநாள் அதே சத்தத்தோடு திரும்பி வருவது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பதுதான்.

எஞ்சினா, சக்கரமா

முதலில் பிரித்தறிய வேண்டியது இதுதான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினால் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் அது எஞ்சினையோ, அதனோடு சுழலும் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றையோ சேர்ந்தது. ஏசியை அணைத்ததும் நின்றால் கம்ப்ரசர் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் ஓசை மறைந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கையும், மிதித்ததும் ஓசை தோன்றினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் சந்தேகிக்கலாம்.

நின்ற நிலையில் எதுவும் கேட்கவில்லை என்றால் சாலைக்கு வர வேண்டும். காலியான, நேரான, சமதளப் பகுதியில் மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே அளவாக ஓட்டி, கியரை மட்டும் மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. அதே வேகத்தில் நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் எஞ்சினின் சுழற்சி கூடும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. ஓசையின் தாளம் கூடினால் எஞ்சின் பக்கம், மாறாவிட்டால் சக்கரப் பக்கம். ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டேரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும், சில வண்டிகளில் ஸ்டேரிங்கே பூட்டிக்கொள்ளும்.

தாளத்தை எண்ணியும் பார்க்கலாம். சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்று. அந்த வேகத்தில் நொடிக்கு மூன்று 'டக்' கேட்டால், ஏதோ ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. அது பெரும்பாலும் டயரின் பள்ளத்தில் சிக்கிய சல்லிக்கல்தான். ஆணியாகவும் இருக்கலாம் என்பதால் இறங்கிப் பார்ப்பது நல்லது.

நெடுஞ்சாலையில் கேட்கும் முழக்கம்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி 80ஐத் தொடும்போது எழும் 'ஊம்' ஓசையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சீரற்றுத் தேய்ந்த டயரும் கெட்டுப்போன வீல் பேரிங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முழங்கும். சாலையின் பரப்பு மாறும் இடங்கள் இங்கே உதவும். தார்ச்சாலையிலிருந்து பாலத்தின் கான்கிரீட் தளத்துக்கு ஏறும்போது ஓசையின் தன்மை மாறினால் டயர், மாறாமல் அப்படியே தொடர்ந்தால் பேரிங் என்று கருதலாம்.

அடுத்தது வளைவு. நீண்ட, மென்மையான இடது வளைவில் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. அப்போது முழக்கம் கூடினால் வலப்பக்க பேரிங்கும், வலது வளைவில் கூடினால் இடப்பக்க பேரிங்கும் சந்தேகத்துக்குரியவை. பட்டறையில் இதை உறுதிசெய்ய, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார்கள். அசைவு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டேரிங் இணைப்புகளைப் பார்ப்பார்கள். சில மெக்கானிக்குகள் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின்மேல் வைத்துக்கொள்வார்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு கைக்கு எட்டிவிடும்.

பேரிங்கின் முழக்கம் மெல்ல வளர்வது. முதல் நாளிலேயே சக்கரம் கழன்றுவிடாது. ஆனால் முழக்கத்தோடு கரகரப்பும், ஸ்டேரிங்கில் அதிர்வும், சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாத சூடும் சேர்ந்துவிட்டால் அந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது.

வேகத்தடையும் கொண்டை ஊசியும்

ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களின் உள்சாலைகளில் மெதுவாகச் செல்லும்போது, ஜன்னல்களைத் திறந்துவைத்து ஒரு நீண்ட மதிலை ஒட்டி ஓட்டலாம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் ஓசையைப் பெரிதாக்கித் தரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்றால் ஷாக் அப்சார்பர் மவுண்ட், லிங்க் ராடு, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். வேலூர்ப் பக்கத்துக் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது. ரப்பர் புஷ்கள் வெப்பத்தில் நாளடைவில் இறுகி வெடிப்பதால் இந்த வகை ஓசை இங்கே அதிகம் கேட்பதில் வியப்பில்லை.

ஏலகிரி ஏற்றத்தில் ஸ்டேரிங்கை முழுவதும் ஒடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 'டக் டக் டக்' என்று அடுக்காகக் கேட்டால், அது முன்சக்கர இயக்க வண்டிகளின் சி.வி. ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, தூசி உள்ளே போனதன் விளைவு. உறை கிழிந்ததுமே கவனித்திருந்தால் சிறு செலவோடு முடிந்திருக்கும். உயர்ந்த கியரில் திணறி ஏறும்போது வரும் 'கிணிகிணி' ஓசை எரிபொருள் முன்கூட்டியே வெடிப்பதால் எழும் நாக்கிங். கியரைக் குறைத்ததும் அது நிற்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கில் மெல்லிய 'கிரீச்' தொடர்ந்து கேட்டால் பேடின் தடிமன் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டதை அதிலுள்ள உலோக நாக்கு அறிவிக்கிறது. அது 'கரகர' என்று மாறிவிட்டால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது. மலை இறங்கும் வழியில் அந்த ஓசையோடு மேலே செல்வது உயிரோடு விளையாடுவது.

உடனே நிறுத்த வேண்டியவை

ஆயில் விளக்கு எரிந்துகொண்டே எஞ்சினின் அடியிலிருந்து 'டொம் டொம்' என்ற கனத்த தட்டல் வந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். மேலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினே போய்விடலாம். பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டிய பிறகு வரும் 'கடகட' ஓசையும் அப்படியே: வீல் நட் தளர்ந்திருக்கும். பஞ்சர் கடையை விட்டுக் கிளம்பி 50 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது லாரி ஓட்டுநர்களின் பழைய வழக்கம். கார்க்காரர்களும் அதைப் பின்பற்றலாம். அடியில் 'புஸ் புஸ்' என்று புகை கசியும் ஓசை ஆபத்தாகத் தோன்றாது. ஆனால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகக்கூடும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து நேராகப் பட்டறைக்குப் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

நாற்றத்தைப் பொறுத்தவரை இந்தப் பகுதிக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் கெட்டுப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அடையாளம் என்பார்கள். தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கும் டேனரிகளின் அருகிலும் அதே நாற்றம் வரும். ஊரைத் தாண்டியும் தொடர்ந்தால்தான் அது காரின் நாற்றம்.

பொய் எச்சரிக்கைகள்

வண்டியை அணைத்த பின் கேட்கும் 'டிக் டிக்', சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்குவது. திடீர் பிரேக்கில் பெடல் உதறிக் கரகரத்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வது. டிக்கியில் சரியாகப் பூட்டாத ஜாக்கி, இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், தோல் உறை போட்ட இருக்கைகள் ஒன்றோடொன்று உரசுவது ஆகியவை பலரைப் பட்டறை வரை அலைய வைத்திருக்கின்றன. பாட்டிலை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. அது உருண்டு பிரேக் பெடலின் அடியில் சிக்கினால் விபத்துதான்.

பட்டறையில்

1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் சுருட்டிய காகிதக் குழாயால் நோயாளியின் மார்பைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அதிலிருந்து பிறந்தது. மருத்துவமனையால் பெயர்பெற்ற வேலூரில் மெக்கானிக்குகள் அதே வேலையை நீண்ட திருப்புளியால் செய்கிறார்கள். முனையை ஆல்டர்னேட்டரின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே பேரிங் சுற்றுவது கேட்கும். தளர்ந்த சட்டையும் துண்டும் ஃபேனிலும் பெல்ட்டிலும் சிக்கக்கூடும் என்பதால் பழகியவர்களுக்கே இது ஏற்றது.

உரிமையாளர் கொண்டுசெல்ல வேண்டியது ஒரு சிறு குறிப்பு: எந்த வேகத்தில், எந்த கியரில், குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, திரும்பும்போதா பிரேக் பிடிக்கும்போதா, கடைசியாக எந்த வேலை பார்க்கப்பட்டது. ஓசையைக் கைபேசியில் பதிவுசெய்வதானால் அருகில் இருப்பவர் செய்ய வேண்டும். பாகத்தை மாற்றிய பிறகு, பணம் கொடுக்கும் முன், ஓசை கேட்ட அதே சாலையில் அதே வேகத்தில் மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் தவறில்லை. கெட்டுப்போன பேரிங்கைக் கையில் சுழற்றினாலே கரகரப்பு தெரிந்துவிடும்.