கோடி வெள்ளி வருகிறது. நம் பிள்ளைக்கு என்ன வருகிறது?

பத்திரிகையைப் பிரித்தால் பினாங்குக்கு இத்தனை கோடி வெள்ளி முதலீடு என்று பெரிய எழுத்தில் செய்தி வருகிறது. 'சிப்' என்கிறார்கள், செமிகண்டக்டர் என்கிறார்கள். "இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அப்படிப் புரட்டி விடாதீர்கள் என்று கேட்டுக் கொள்ளவே இதை எழுதுகிறேன். அது நம் வீட்டுச் சமாச்சாரம்.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1969-இல் பினாங்குத் தீவு தன் வரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. ஜார்ஜ் டவுன் வாணிபம் படுத்தது. இளைஞர்கள் வேலையின்றித் திண்டாடினார்கள். அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்தார். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. இண்டெல், ஹியூலட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் கம்பெனிகளுக்கு அன்று வேண்டியிருந்தவை கைகள். சில்லுகளை வெளிநாட்டில் செய்து இங்கே அனுப்புவார்கள். அவற்றைச் சட்டத்தில் பொருத்தி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, மூடிச் சோதித்துத் திருப்பி அனுப்புவது நம் ஊர் வேலை. பூதக்கண்ணாடிக்குள் மணிக்கணக்காகக் கண்ணைப் பதித்து அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மற்ற இனத்துப் பெண்களோடு நம் பெண்களும் தொழிற்சாலை பஸ் ஏறி, இரவு பகல் என்று மாறி மாறி வேலைக்குப் போனார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள், அடுப்பு எரிந்தது. அவர்களுடைய உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்றைய செய்தி வேறு வகையானது. 2021 டிசம்பரில் இண்டெல் ஓர் அறிவிப்புச் செய்தது. சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கம் பக்கமாகவும் சேர்த்து ஒரே உறைக்குள் அடக்கும் நுட்பமான வேலைக்காக, பத்தாண்டுகளில் ஏறக்குறைய 3,000 கோடி வெள்ளியை மலேசியாவில் போடப் போவதாகச் சொன்னது. கட்டுமான வேலை நீங்கலாக, கம்பெனியில் 4,000-க்கு மேற்பட்ட வேலைகள் உருவாகும் என்று அப்போது கூறப்பட்டது. நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஒரு வேலைக்கு ஏறத்தாழ 75 இலட்சம் வெள்ளி! அத்தனை பணத்தைப் போடுகிறவன் வெறும் கையையா தேடுவான்? அந்த இயந்திரத்தின் போக்கை அறிந்த மூளையைத்தான் தேடுவான்.

அரசாங்கத்தின் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. 2024 மே மாதம் வெளியிட்ட தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 2,500 கோடி வெள்ளி உதவியும், 60,000 எஞ்சினியர்களுக்குப் பயிற்சியும் என்றார்கள். 2025 மார்ச்சில், பிரிட்டனின் ஆர்ம் கம்பெனியிடமிருந்து சில்லு வடிவமைப்பு அறிவைப் பெறப் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்பந்தம் செய்தார்கள். ஒட்டிக் கொடுப்பதோடு நிற்காமல், வரைந்து கொடுக்கவும் நாடு ஆசைப்படுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே இண்டெல் 2024 ஆகஸ்டில், உலகெங்கும் சுமார் 15,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில், நம் மூவாரில் பிறந்த லிப்-பூ டான் அதன் தலைவரானார். நம் நாட்டில் பிறந்தவர் என்று பெருமைப்படலாம். ஆனால் ஆட்குறைப்பு அவர் காலத்திலும் நிற்கவில்லை. கம்பெனியை நம்பி உட்காரக் கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! கற்ற தொழில் மட்டும் கூடவே வரும். ஒரு கம்பெனி கதவை மூடினால் அடுத்த கம்பெனியின் கதவைத் தட்டலாம்.

"எல்லாப் பிள்ளையும் எஞ்சினியராக முடியுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். இயந்திரத்தைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பருக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. தொழிற்சாலைகளும் மாநில அரசும் கைகோத்து 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் எஞ்சினியரிங் வளாகமோ நிபோங் திபாலில், நம்மவர் பால் வெட்டிய பழைய தோட்டங்களின் பக்கத்திலேயே இருக்கிறது. தூரம் ஒரு தடையல்ல. நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதமும் பௌதிகமும் கஷ்டம் என்று பிள்ளை ஒதுங்குவதும், போகட்டும் என்று நாம் விட்டுவிடுவதும்தான் தடை. பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் விட்டுவிடுகிறோம். அன்று அந்தத் தொழிற்சாலைகளைத் தூக்கி நிறுத்தியவர்களே பெண்கள் என்பதை மறந்துவிடுகிறோம்!

ஆகையால், தாய்மார்களே, தந்தைமார்களே, அடுத்த முறை கோடி வெள்ளிச் செய்தி வரும்போது அதை மூன்றாம் படிவத்தில் இருக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "இதில் எத்தனை வேலை? எந்தப் படிப்புக்கு எந்த வேலை?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவருமாகப் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைப் பாருங்கள். நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன்பே போய்விடுங்கள்.